ஊஞ்சல் கட்டிய திட்டு

வெள்ளாற்றின் நடுவே இருக்கும் திட்டைப் பூங்காவாக்கி, சிமெண்ட் யானையும் சறுக்கு மரமும் ஊஞ்சலும் வைத்திருக்கிறார்கள். உள்ளே போக டிக்கெட். என் சின்ன வயதில் ஊர் ஆற்றுக்கு இந்தப் பக்கத்தோடு நின்றிருந்தது. கோடையில் திட்டில் வெள்ளரி போடுவார்கள். பிறகு செங்கல் சூளை வந்தது. அக்கரையிலும் வீடுகள் பெருகிய பிறகு தெருப் பையன்கள் திட்டில் கிரிக்கெட் ஆடினோம்.

இதற்கெல்லாம் முன்பு திட்டுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பால்குடி மறக்காத பிள்ளைகள் இறந்தால் எரிக்க மாட்டார்கள். அங்கேதான் கொண்டுபோய்ப் புதைப்பார்கள். நாய் தோண்டாமலிருக்க மேலே கருவேல முள்ளை வெட்டிப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். பெண்கள் போகக் கூடாது.

எனக்கு முன்னால் பிறந்த அக்கா அங்கே இருக்கிறாள். பெயர் வைக்கும் முன்பே போய்விட்டவள். அப்பாதான் தூக்கிக்கொண்டு போனார். அம்மா வெகுநாள் நச்சரித்த பிறகு ஒருநாள் கரையில் நின்று கையை நீட்டி, "அந்தா, அந்த மருத மரத்துக்கு அங்கிட்டு" என்றாராம். அதற்கு மேல் அவரிடம் ஒரு வார்த்தை பெயரவில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். பாலத்தில் பஸ் போகும்போதெல்லாம் அம்மா மரம் தெரியும் பக்கத்து ஜன்னலாகப் பார்த்து உட்காருவாள். அவளுக்கு வாய்த்தது அவ்வளவுதான்.

பூங்கா திறந்த செய்தி கேட்டதும், "பொம்பளைக எல்லாம் போறாகளாமே, என்னையக் கூட்டிட்டுப் போடா" என்றாள். அப்பா இருக்கும்போதே யாராவது அவளை ஒருதடவை அழைத்துப் போயிருக்கலாம். போகக் கூடாது என்று சொன்னது யார் என்றே இன்று எவருக்கும் தெரியாது. டிக்கெட் வாங்கினால் போதும்.

வாசலிலேயே செருப்பைக் கழற்றினாள். காவலாளி சிரித்தார். "கோயில் இல்லைங்க ஆத்தா, பார்க்கு."

உள்ளே மருத மரம் இல்லை. மண்ணடித்து மேடு பள்ளம் தெரியாமல் நிரவி, புல் பதித்திருந்தார்கள். யாரிடம் போய்க் கத்துவது? மரத்தை வெட்டியவனுக்கு என்ன தெரியும்?

அம்மா ஊஞ்சல் வரை போனாள், யானை வரை வந்தாள், மறுபடி ஊஞ்சலுக்கே போனாள். பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தன. தரையையே பார்த்தாள். அந்தப் பக்கம் வந்த காவலாளிக்கே பாவமாகப் போய், "எம்புட்டு நேரம் நிப்பீங்க? புல்லுல ஒக்காருங்க ஆத்தா" என்றார்.

நான் கையைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தேன். அம்மா கையை விடுவித்துக்கொண்டாள்.

"எந்த எடம்னு தெரியலையேடா. அது மேல ஒக்காந்துட்டா?"

விசில் ஊதி எல்லோரையும் வெளியே அனுப்பும் வரை நின்றுகொண்டேயிருந்தாள். நானும் உட்காரவில்லை.