ஞாயிற்றுக்கிழமைச் சுறாக்கள்

கையில் வாங்கிய பல்லைக் கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்து மெல்ல ஓர் இழுப்பு இழுப்பார். கரகரவென்று உராய்ந்தால் ஓரத்தில் ரம்பம் இருக்கிறது. வழுக்கிக்கொண்டு போனால் இல்லை. அதற்குள் எதிரே நிற்பவர் ஆவல் தாங்காமல், "டாக்டர், இது அந்த ராட்சசச் சுறாதானே?" என்று ஆரம்பித்துவிடுவார். "பேரை நீங்க சொல்லாதீங்க. பல்லு சொல்லட்டும்" என்பார் டாக்டர், தலையை நிமிர்த்தாமலே.

மற்ற நாட்களில் அவர் மனிதர்களின் பல் டாக்டர். ஞாயிறு காலையில் மட்டும் சுறா டாக்டர். மழை ஓய்ந்ததும் ஆற்றங்கரைச் சரளையில், கல்லாகிப்போன சுறாப் பற்கள் தலைகாட்டும். நடக்கப் போகிறவர்கள் அவற்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேரே இவருடைய வீட்டு முன்னறைக்கு வந்துவிடுவார்கள். அதுதான் கிளினிக். வாய் கொப்பளிக்கும் தொட்டியில் சேற்றுப் பற்கள் குளிக்கும். "இந்தப் பேஷண்டுங்கள்ல ஒருத்தர்கூட ஊசியப் பாத்து அழறதில்ல" என்பார், பழைய பிரஷ்ஷால் தேய்த்தபடி.

சேவல் கொண்டைபோல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஓரத்தில் வெட்டு விழுந்திருந்தால் புலிச் சுறா. ஊசியாக நீண்டு, அடியில் இரு புறமும் குட்டிக் கொம்பு முளைத்திருந்தால் மணற்புலிச் சுறா. நிறத்தை மட்டும் நம்பவே மாட்டார். "கறுப்பா இருந்தா பழசுன்னு யார் சொன்னது? எந்த மண்ணுல கிடந்துச்சோ அந்த மண்ணோட சாயம் அது." உற்சாகம் மிஞ்சினால் செருப்பை உதறிவிட்டு வெறுங்காலோடு தரையில் நின்றுகொள்வார். குழாய் ரிப்பேர் செய்பவர் ஒருமுறை வெள்ளை வெளேரென்று ஒன்றைக் கைக்குட்டையில் பொத்திக் கொண்டுவந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்த டாக்டர், "அண்ணே, இது என் தொழில்ல வராது, உங்க தொழில்ல வரும். கழுவுற பேசின் உடைஞ்ச துண்டு" என்றதும், அறையே சிரித்தது. குழாய்க்காரரின் சிரிப்புதான் எல்லாவற்றையும்விடப் பெரிது.

இதே வீட்டில் இருக்கும் டாக்டரின் மாமனார், ஒரு காலத்தில் தூர்வாரும் கப்பலில் மெஷின் ஓட்டியவர். சேற்றோடு மேலே வந்த ஒரு பெரிய பல்லைக் கண்ணாடிக் கூட்டில் பத்திரமாக வைத்திருக்கிறார். "திமிங்கலத்தையே கடிச்சுத் தின்ன ராட்சசச் சுறா, மெகலோடன்" என்று அவர் சொல்லிக் காட்டாத ஆள் கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதிலேயே டாக்டர் அதைப் பார்த்துவிட்டார். பார்த்தவுடன் விஷயமும் புரிந்துவிட்டது. ஆனால், கேட்காத பல்லுக்குப் பேர் சொல்வதில்லை என்பது அவருடைய கொள்கை. மாமனாரும் கேட்டதில்லை.

போன ஞாயிறு கேட்டார். கப்பலில் கூட வேலை பார்த்த நண்பர், "எங்ககிட்ட விடுற கதைய உன் மருமக முன்னால சொல்லு பாப்போம்" என்று உசுப்பேற்றிவிட்டுத் தானும் கூடவே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். மாமனார் பல்லை எடுத்து டாக்டரின் கையில் வைத்தார். "சொல்லும்மா, இவன் காது குளிரட்டும்."

டாக்டரின் நகத்தில் பல் வழுக்கிக்கொண்டு போனது. இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாமனாரின் தலை நிமிரும். அந்த ஒரு வார்த்தை வாய்க்கு வர மறுத்தது.

"இது மெகலோடன் இல்ல மாமா. அதுக்கு ஓரமெல்லாம் ரம்பம் மாதிரி இருக்கும். இது மாகோ சுறா. அதுலயே அகலப் பல்லு உள்ள பழைய வகை."

"தண்ணில உருண்டு உருண்டு ரம்பம் தேஞ்சிருக்கலாம்ல?" மாமனாரின் குரல் இறங்கியிருந்தது.

டாக்டர் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்து, இரண்டு ஓரங்களையும் நுனி முதல் வேர் வரை நிதானமாகப் பார்த்தார். "தேஞ்சிருந்தா கூர்மையும் போயிருக்கணுமே. இது பிளேடு மாதிரி இருக்கு. வேருக்கும் பல்லுக்கும் நடுவுல மெகலோடனுக்கு ஒரு பட்டை ஓடும். அதுவும் இதுல இல்ல."

நண்பர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "மாகோவாம்ல மாகோ!" என்று வாசல் வரை சொல்லிக்கொண்டே போனார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரப்பிவிடுவார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மாமனார் மட்டும் அசையவில்லை. டாக்டர் ஸ்டூலை இழுத்து அவர் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"கோவமா மாமா?"

"நீ சும்மா தலைய ஆட்டியிருக்கலாம். அவன் வாயும் அடைஞ்சிருக்கும்."

"ஆட்டியிருக்கலாம். அப்புறம் தினம் சாப்பிட உட்காரும்போது உங்க மூஞ்சிய எப்படிப் பாக்குறது?"

மாமனார் பல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "மாகோ" என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். "மா...கோ. கூப்பிட நல்லாத்தான் இருக்கு." சிரிப்பு மீசைக்குள் எட்டிப் பார்த்தது.

பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "கடவாயில ஒண்ணு ரொம்ப நாளா உயிர எடுக்குது. யார்கிட்டயும் சொல்லல" என்று முணுமுணுத்தபடி நோயாளி நாற்காலியில் சாய்ந்தார். விளக்கைத் தானே முகத்துக்கு நேராக இழுத்துக்கொண்டு, கன்னத்தை ஒரு விரலால் விலக்கி, வாயை அகலத் திறந்தார்.