இருபது நியூட்டனும் கொஞ்சம் அலவன்ஸும்

என் கல்யாணத்துக்காகக் கொடுத்துவிட்ட ஜாதகத் தாளின் அடியில், "படிப்பு: பத்தாம் வகுப்பு" என்று தரகர் எழுதியிருந்தார். அதில் பொய் ஒன்றும் இல்லை. பத்தாம் வகுப்பு படித்தேன், அறிவியலில் மட்டும் பெயில். அதை எழுதத் தாளில் இடம் போதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண் பார்க்க வந்த மாமியார் அதை வாசித்துவிட்டு, "புள்ள பத்தாவது பாஸுங்களா?" என்று கேட்டார். அப்பா தட்டிலிருந்த முறுக்கைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "இல்லை" என்று யாரும் சொல்லாததால் ஆமாம் என்றாகிவிட்டது.

அதன்பிறகு பதினெட்டு வருஷம் என் மாமியார் போகிற கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எல்லாவற்றிலும், "எங்க மருமவ பத்தாவது பாஸுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் இலையில் கையே வைப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான் பாயசம் வருவதற்குள் இலையை மூடிவிடுவேன். எத்தனையோ நல்ல பந்திகள் எனக்கு இப்படி வீணாய்ப் போயிருக்கின்றன.

வினை சத்துணவு ரூபத்தில் வந்தது. எங்கள் பெரியநாயக்கன்பாளையம் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்த ஓர் அம்மாவுக்கு அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட். பத்தாவது பாஸாகியிருந்தால் அந்த வேலைக்கு விண்ணப்பிக்கலாம். மாமியார் மூச்சிரைக்க ஓடி வந்தார். "நீதான் பாஸாச்சே கண்ணு, மார்க் சீட்ட எடுத்து வை." அம்மா வீட்டுப் பரணில் கிடக்கும், தேடி எடுத்து வருகிறேன் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பரணில் இல்லாததை எங்கே தேடுவது? பரீட்சை எழுதித்தான் வாங்க வேண்டும். தனித்தேர்வராக அறிவியலுக்குப் பணம் கட்டினேன். காரமடையில் தேர் வீதிக்குப் பக்கத்தில் ஒரு டியூஷன் மிஸ் இருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். சனிக்கிழமை காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் வரச் சொன்னார். சனிக்கிழமை, காரமடை, பெருமாள். வீட்டில் சொல்ல இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா? ரங்கநாதருக்கு வேண்டுதல் என்றேன். மாமியார் பூரித்துப் போய்ப் பஸ்ஸுக்குச் சில்லறை கொடுத்தார். பொய்யைப் பாதியாவது குறைக்கலாம் என்று ஒவ்வொரு வாரமும் கோயிலுக்குள் ஐந்து நிமிஷம் போய், துளசி வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்புவேன்.

முதல் டெஸ்டில் நான் எழுதிய பத்துக் கணக்கும் தப்பு. மிஸ் சிவப்புப் பேனாவோடு திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, அஞ்சு கிலோ பொருளு, நாலு முடுக்கம். அஞ்சு நாலு இருபது. இருபது நியூட்டன். நீங்க இருபது புள்ளி அஞ்சுன்னு எழுதியிருக்கீங்க. இந்தப் புள்ளி அஞ்சு எங்கிருந்துங்க்கா வந்துச்சு?"

"அது அலவன்ஸுங்க மிஸ்."

இதை நான் விளக்கியாக வேண்டும். என் வீட்டுக்காரருக்கு வீட்டை ஒட்டியே சின்ன லேத் பட்டறை. மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறோம். கம்பியை அளந்து வெட்டிக் கொடுப்பது என் வேலை. கல்யாணமான புதிதில் என்னை மிஷினுக்கு முன்னால் நிறுத்தி அவர் சொன்ன முதல் பாடம் இது: "சொன்ன அளவுக்கே வெட்டாத அம்மணி. ரெண்டு மில்லி உட்டு வெட்டு. கூட இருந்தா கடைஞ்சுக்கலாம். கம்மியாப் போச்சுன்னா காயலாங்கடைக்குத்தான்." பதினெட்டு வருஷம் அப்படியே வெட்டிய கை இது. சரியாக இருபது என்று எழுதினால் ஏதோ கம்மியாய் வெட்டிவிட்ட மாதிரி எனக்குத் தோன்றுகிறது. நூறு மீட்டர் ஓடிய காரை நூற்றொன்று என்று எழுதினால்தான் மனசு ஆறுகிறது.

மிஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். "கணக்குல யாருங்க்கா கடையறாங்க?"

எனக்கும் கோபம் வராமலா இருக்கும்? அந்தப் புத்தகம் மட்டும் என்ன யோக்கியம்? ஒரு கணக்கு விடாமல் "உராய்வு இல்லை எனக் கொள்க" என்று போட்டிருக்கிறார்கள். உராய்வு இல்லையாம்! இதை எழுதியவரை ஒரே ஒரு நாள் எங்கள் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நாள் முழுக்க ஆயில் ஊற்றியும் பேரிங் சூடாகிக் கத்துகிறது. இன்னொரு கணக்கில் ஒரு பஸ் நின்ற இடத்திலிருந்து கிளம்பி சீரான முடுக்கத்தோடு போய்க்கொண்டே இருக்கிறது. மேட்டுப்பாளையம் ரோட்டில் எந்த பஸ் அப்படிப் போயிருக்கிறது? வீரபாண்டிப் பிரிவு வருவதற்குள் ஏழு பேர் கை காட்டுவார்கள், ஏழு பேருக்கும் டிரைவர் நிறுத்துவார். இதையெல்லாம் மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பரீட்சையில அந்த ஏழு பேரையும் ஏத்தாதீங்க்கா" என்றார்.

கரைதிறன் பாடத்தில் சண்டை முற்றியது. இருபத்தைந்து கிராம் தண்ணீரில் ஒன்பது கிராம் உப்பு கரைந்து, அதற்கு மேல் கரையவில்லை. அப்படியானால் நூறு கிராமில் எவ்வளவு கரையும்? முப்பத்தாறு. நான் முப்பத்தேழு என்று எழுதியிருந்தேன்.

"அந்த ஒரு கிராமு கரையாதுங்க்கா. அடியிலதான் நிக்கும்."

"நல்லாக் கலக்குனாக் கரையுமுங்க மிஸ்."

"கரையாதுங்க்கா."

"எந்தத் தண்ணிங்க மிஸ்? நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?"

எங்கள் பக்கத்தில் இதைக் கேட்காமல் யாரும் ஒரு டம்ளர்கூட வாயில் வைக்க மாட்டோம். குழாயில் வருவது நல்ல தண்ணி, போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணி. மிஸ் ஜன்னல் வழியாகக் கோபுரத்தைப் பார்த்தார். பெருமாளிடம் முறையிட்டாரோ என்னவோ.

வீட்டுக்கு வந்து நானே செய்து பார்த்துவிடுவது என்று முடிவு கட்டினேன். சமையலறைத் தராசில் சொம்பை வைத்து நூறு கிராம் நல்ல தண்ணீர் பிடித்து, முப்பத்தேழு கிராம் தூள் உப்பை நிறுத்துப் போட்டேன். கை ஓயக் கலக்கினேன். அடியில் கொஞ்சம் அசையாமல் நின்றது. இன்னும் கலக்கினேன். அப்போதும் நின்றது. குனிந்து சொம்புக்குள் முறைத்துக்கொண்டிருந்தபோது மாமியார் வந்துவிட்டார்.

"என்ன கண்ணு அது?"

"தொண்டை கட்டிக்கிச்சுங்கத்தை. கொப்புளிக்க உப்புத் தண்ணி."

"அடப் பாவமே. அப்ப என்ன பாத்துட்டு நிக்கற? கொப்புளி." என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போய்ப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். ஒரு வாய் கொப்புளித்தேன். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. "இன்னொருக்கா" என்றார். பாசம் மிகுந்த மாமியாரிடம் மாட்டிக்கொண்டால் தப்பிப்பது கஷ்டம். சொம்பு காலியாகும்வரை அவர் நகரவில்லை. தெவிட்டிய கரைசலைப் பற்றி அதன்பிறகு எனக்கு எந்தச் சந்தேகமும் எழுந்ததில்லை.

பரீட்சை அன்று பள்ளிக்கூடத்து பெஞ்சில் முட்டியை மடக்கி உட்கார்ந்தேன். இரண்டு கிலோ, ஆறு முடுக்கம், விசை எவ்வளவு? பன்னிரண்டு. என் கை பன்னிரண்டுக்குப் பக்கத்திலேயே தயங்கி நின்றது. ஒரு புள்ளி, ஒரு அஞ்சு போட்டால் எவ்வளவு நிம்மதி! பல்லைக் கடித்துக்கொண்டு "நியூட்டன்" என்று எழுதி, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி முற்றுப்புள்ளி வைத்தேன். கரைதிறன் கணக்கும் வந்தது. சரியாகப் போட்டுவிட்டு, மனசு கேட்காமல் "நல்ல தண்ணீர் எனக் கொள்க" என்று கீழே ஒரு வரி எழுதினேன். அவர்கள் மட்டும்தான் கொள்ளச் சொல்லலாமா?

முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். நான் நாற்பத்தொன்று. பட்டறைக்குப் பின்னால் இரும்புச் சுருள் குவியல் பக்கத்தில் நின்று போனில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷம்தான், வேறொன்றும் இல்லை.

மார்க் சீட்டு கைக்கு வந்த அன்றுதான் என் மண்டையில் உறைத்தது. அதில் பாஸான வருஷம் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. பொய்யை மறைக்க ஒரு வருஷம் பாடுபட்டு, அந்தப் பொய்க்கான சாட்சியை நானே கையெழுத்துப் போட்டு வாங்கி வந்திருக்கிறேன். புடவைகளுக்கு அடியில் அதை ஒளித்து வைத்தேன்.

விண்ணப்பத்துக்கு அறிவிப்பு வந்தது. வீட்டுக்காரர் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் அவர்தான் ஃபாரம் நிரப்பினார். மாமியார் கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பேர், விலாசம் எல்லாம் முடிந்து, "தேர்ச்சி பெற்ற ஆண்டு?" என்று கேட்டு வீட்டுக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பீரோவைத் திறந்து மார்க் சீட்டை எடுத்து மாமியார் மடியில் வைத்தேன்.

"இந்த வருசந்தாங்கத்தை. அன்னிக்கு நான் பெயிலுங்க."

பேனா நின்றது. மாமியார் அந்தத் தாளை மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை வாசித்தார். "பதினெட்டு வருசமா ஊரெல்லாம் என்னையப் பொய் சொல்ல வெச்சுப்போட்டியே" என்றார். அப்புறம் மகனைப் பார்த்து, "என்னடா பாக்கற? நெசத்த எழுதறதுக்கு என்ன யோசனை, எழுது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டைக்கூட அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

நான்காம் நாள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் மாமியாருக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. எதிரில் உட்கார்ந்த அவருடைய நாத்தனார் பேச்சைத் தொடங்கினார். நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"எங்க மருமவ இந்த வருசந்தான் பத்தாவது பாஸ் பண்ணுனா" என்றார் மாமியார், பந்தி முழுக்கக் கேட்கிற குரலில்.

நாத்தனார் சிரித்தார். "இந்த வயசுலயா?"

"ஏன், நீயுந்தான் போய் எழுதிப் பாரேன்."

நாத்தனார் குனிந்து அப்பளத்தை நொறுக்கினார். மாமியார் என் பக்கம் திரும்பாமலே, பரிமாற வந்தவரைக் கூப்பிட்டு என் இலையைக் காட்டினார். அன்று நான் பாயசம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.