மண்புழுக் கட்டுரையைத் தேடிய சனிக்கிழமை

பெரியவர்கள் மேல்கூட நமக்குக் கோபம் வரலாம், அதில் தப்பில்லை என்று நான் கண்டுகொண்டது பத்து வயதில், நாகல் நகரில் ஒரு பிரவுசிங் சென்டரில். கோபத்தைக் கிளப்பியவள் என் அத்தை, அப்பாவின் தங்கை. இன்றைக்கு நினைத்தாலும் அந்தச் சனிக்கிழமையின் கடுப்பு முழுசாக இறங்கியதாகச் சொல்ல முடியாது.

அத்தை விலங்கியல் படித்தவள். கல்யாணமாகிப் பாலசமுத்திரம் போனவள், நாலு வருஷத்தில் ஒரு சூட்கேஸோடு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். ஏன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மாமாவின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் வாயால் சொன்னதில்லை. தவிர்க்கவே முடியாதபோது 'அந்த ஆளு'. ரேஷன் கார்டிலிருந்து பேங்க் பாஸ்புக் வரைக்கும் அப்பா அலைந்து திரிந்து, அத்தையின் இனிஷியலைப் பழையபடி தாத்தா பெயருக்கே மாற்றிக் கொடுத்திருந்தார்.

திங்கட்கிழமை அத்தைக்கு ஒரு கல்லூரியில் இண்டர்வியூ. அவள் எழுதிய கட்டுரை ஏதாவது அச்சாகியிருந்தால்தான் வேலைக்கு எடுப்பார்கள். ஒன்று அச்சாகியிருந்தது. பாலசமுத்திரம், கீரனூர்ப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் என்னென்ன மண்புழுக்கள் இருக்கின்றன என்று தோண்டித் தோண்டிப் பார்த்து எழுதியது. ஆனால் அது வெளிவந்த பத்திரிகை பாலசமுத்திரத்து வீட்டு அலமாரியிலேயே தங்கிவிட்டது. ஆய்வுக் கட்டுரைகளுக்கென்று இணையத்தில் ஒரு பெரிய பட்டியல் இருக்கிறது, அதில் தேடிப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். இந்த வேலையும் இல்லையென்றால் அந்த ஆளிடம் பேசிச் சேர்த்துவைத்துவிடலாம் என்று பெரியப்பா வேறு வாரத்துக்கு ஒரு தடவை வந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

பள்ளியில் டைப்பிங் வேகத்தில் நான்தான் முதல். அந்தத் திமிரில் அத்தையோடு கிளம்பினேன். பத்து நிமிஷ வேலை, முடிந்ததும் முட்டை பப்ஸ் என்பது எங்கள் ஒப்பந்தம்.

எழுதியவர் பெயர் என்ற கட்டத்தில் அத்தையின் பெயரை அடிக்கச் சொன்னாள். தாத்தா இனிஷியலோடு அடித்தேன். ஒன்றும் இல்லை. இனிஷியலைப் பின்னால் போடச் சொன்னாள். இல்லை. தாத்தா பெயரை முழுசாகப் போடச் சொன்னாள். மதுரைப் பக்கத்து டாக்டர் ஒருவர் வந்தார், அவர் மண்புழுவைத் தொட்டதே இல்லை போலிருந்தது. மறுபடி முன்னால், மறுபடி பின்னால், புள்ளி வைத்து, புள்ளி இல்லாமல். அரை மணி நேரம் இப்படியே போனது. ஒரே பூட்டில் ஒரே சாவியை எத்தனை தரம்தான் திருப்புவது?

சென்டர்க்காரர் எட்டிப் பார்த்தார். "ஏன் மேடம், எழுதுனப்ப வேற இனிஷியல் எதும் இருந்துச்சா?"

"இல்லங்க" என்றாள் அத்தை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அடுத்து தலைப்பு. பதினெட்டு வார்த்தைத் தலைப்பை அத்தை ஞாபகத்திலிருந்து ஒப்பித்தாள், நான் ஒன்று விடாமல் அடித்தேன். பூஜ்யம். பதினெட்டில் ஏதோ ஒரு வார்த்தை இடம் மாறியிருந்தால் போதும், அந்தப் பட்டியல் கையை விரித்துவிடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. சரி, சுருக்குவோம் என்று 'மண்புழு' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை மட்டும் போட்டேன். உலகத்து மண்புழு எல்லாம் வந்து குவிந்தது. பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது.

இங்கேதான் என் பொறுமை போனது. அத்தை அந்தக் குவியலில் முதல் கட்டுரையைத் திறந்து படிக்க ஆரம்பித்துவிட்டாள். "ஏ புள்ள, இங்க பாரு. மழை பேஞ்ச மறுநாளு அம்புட்டும் மேல வருதாம். நானும் இதத்தான எழுதுனேன்" என்று முகம் மலர வாசிக்கிறாள். இரண்டாவதையும் திறந்தாள். வீட்டிலிருந்து அப்பா போன் செய்து கிடைத்ததா என்று கேட்டார். "செத்த நேரம் பொறுண்ணே" என்று சொல்லிவிட்டு மூன்றாவதுக்குப் போனாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வேலை யாருக்கு, எனக்கா?

"அத்த, ஒட்டஞ்சத்திரம் மார்க்கெட்டுல போயி தக்காளி எங்கன்னு கேட்டா எல்லாக் கடையுந்தான் காட்டுவாங்க. எந்த ஊருத் தக்காளின்னு கேக்க வேணாமா?" என்றேன்.

அத்தை முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மண்புழுவோடு தென்னையைச் சேர்த்துப் போட்டேன். இரண்டும் இருப்பவை மட்டும் வந்தன. லட்சம் போய் நூறானது. நூறையும் படித்துவிடுவாளோ என்ற பயத்தில் அவசர அவசரமாகப் பாலசமுத்திரத்தையும் சேர்த்தேன். ஒன்று. ஒன்றே ஒன்று. தலைப்பில் இரண்டு வார்த்தைகள் முன்னும் பின்னுமாக இருந்தன, மற்றபடி அதேதான்.

வெற்றிக் களிப்பில், வகுப்பில் பாடம் வாசிக்கிற குரலில், எழுதியவர் பெயரை உரக்க வாசித்தேன். அது அத்தையின் பெயர் இல்லை. ஓர் ஆம்பளைப் பெயர் முழு நீளத்துக்கு இருந்தது, அதன் வாலில் ஒற்றை ஆங்கில எழுத்து. வாசித்து முடித்த பிறகுதான் அது மாமாவின் பெயர் என்பது எனக்கு உறைத்தது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பது எங்கேயோ உட்கார்ந்து பட்டியல் போட்டவர்களுக்குத் தெரியவில்லை. கடைசியில் நிற்பது எதுவோ அதுவே முக்கியம் என்று எடுத்துக்கொண்டு, முன்னால் இருந்ததை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிட்டார்கள். கல்யாணமான புதிதில் அத்தை தன் பெயருக்குப் பின்னால் ஆசையாக மாமா பெயரைச் சேர்த்து எழுதியிருந்தாள். தோண்டியது அத்தை, பெயர் மாமாவுக்கு. அந்த ஒற்றை எழுத்துதான் அத்தை.

"இது வேற யாரோ எழுதுனதாச்சே மேடம்" என்றார் சென்டர்க்காரர்.

அத்தை பர்ஸைத் திறந்தாள். பிறகு, "நான்தாங்க. ரெண்டு காப்பி எடுங்க" என்றாள்.

அத்தை நேராக ஆட்டோ பிடித்தாள். பப்ஸை மறந்தே விட்டாள். வேலையை முடித்துக் கொடுத்தவளுக்கு இதுதான் மரியாதையா என்று நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். காகிதத்தை அவள் மடியில் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

இண்டர்வியூவில் அந்தப் பெயரைக் காட்டி யார் இவர் என்று கேட்டார்களாம். என்ன பதில் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. வேலை கிடைத்தது. பெரியப்பா அதன்பின் வருவதைக் குறைத்துக்கொண்டார்.

ஆனால் அதெல்லாம் திங்கட்கிழமைக்குப் பிறகு. சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டில் உட்கார்ந்ததும் நான் என் கோபத்தை எல்லார் முன்னாலும் கொட்டினேன். "அத்தைக்குத் தேடவே தெரியல. மூணு மணி நேரம் உயிர வாங்கிருச்சு. அந்த மாமா பேரப் போட்டிருந்தா மொத நிமிசத்துலயே கெடச்சிருக்கும்" என்று சொல்லி, அந்தப் பெயரையும் ஒரு தரம் கணீரென்று சொன்னேன். தட்டில் அப்பாவின் கை அப்படியே நின்றது. அம்மா என்னை முறைத்தாள்.

அத்தைதான் என் தட்டில் இன்னும் கொஞ்சம் வெஞ்சனம் வைத்தாள். "ஆமா, எனக்குத் தெரியலதான். இவ இல்லாட்டி கெடச்சே இருக்காது" என்றாள்.

அந்தப் பாராட்டை நான் பல வருஷம் உண்மையென்றே நம்பிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். தான் எழுதிய கட்டுரையில் தன் பெயரை எப்படிப் போட்டோம் என்பது ஒருத்திக்கு மறந்துபோகுமா என்று கேட்டுப்பார்க்கிற வயது எனக்கு அப்போது ஆகியிருக்கவில்லை.