மடியில் வைத்த பிள்ளை

ஒஸ்லோவில், வெஸ்ட்லி போகும் மெட்ரோவில் உட்கார்ந்திருக்கிறேன். என் கையில், தங்கை மகளுக்கு நாளை காது குத்திப் போடப்போகும் தோட்டுப் பெட்டி. எதிர்சீட்டில் இருப்பவள் இங்கேயே பிறந்த யாழ்ப்பாணத்துப் பெண். சரித்திரம் படிக்கிறாளாம். பெட்டியைப் பார்த்துப் பேச்சுக் கொடுக்கிறாள்.

“தாய்மாமன் வந்திட்டாரோ அக்கா?”

“எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாதும்மா. பெரியம்மா மடியில வச்சுக் குத்தக் கூடாதாம். தங்கச்சி மாமியார் யாரோ தூரத்துச் சொந்தக்காரரைக் கூப்பிட்டிருக்காங்க.”

அவள் சிரிக்கிறாள்.

“முந்தி ஒரு நோர்வே அரசர் தன்ர மகனை இங்கிலாந்து அரசர் ஆதல்ஸ்தானிட்ட அனுப்பினவர். கொண்டுபோன ஆள் பிள்ளையை அவற்ற மடியில இருத்திப்போட்டான். அடுத்தவன்ர பிள்ளையை மடியில வைச்சு வளர்க்கிறவன் கீழானவன் எண்டுதான் அந்தக் காலத்து வழக்கம். ஆதல்ஸ்தான் கோவத்தில வாளை எடுத்திட்டார்.”

“அய்யோ, அப்புறம்?”

“வெட்டேல்லை. தன்ர பிள்ளை மாதிரி வளர்த்தவர். கப்பலும் குடுத்து அனுப்பினவர். அந்தப் பிள்ளைதான் பிறகு இஞ்சை அரசன்.”

கடைசி நிறுத்தம் வருகிறது. பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறேன். தூரத்துச் சொந்தக்காரர் வந்து வயிறார விருந்து சாப்பிடட்டும். மாமியார் வாளையே எடுத்தாலும், பிள்ளை என் மடியில்தான்.