ஆய்வு வட்டத்தில் நின்ற தண்ணீர்

அறுபதுகளில், வட்டமும் அம்புக்குறியும் போட்டு வேலைகளை வரிசைப்படுத்தும் உயர்பயிற்சியைச் சென்னையில் முடித்து வந்த பொறியாளன் நான். வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவிட்டால் வேலையே முடிந்த மாதிரி ஒரு திமிர்.

கீழப்பாவூர்க் குளத்து மடையைச் செப்பனிட்டு முடித்தோம். அடுத்த வட்டம், மேலதிகாரியின் ஆய்வு. அவர் வரும்வரை மடையைப் பூட்டி வைத்தேன். கீழே நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது.

"மடை நல்லாத்தான இருக்கு? பின்ன எதுக்குப் பூட்டி வச்சிருக்கிய?" என்று கேட்டாள், அங்கே நாற்றுப் பாவியிருந்த இசக்கியம்மாள்.

"அதிகாரி பாக்கணும்மா. படத்துல அடுத்தது அதுதான். குத்தாலத்துல இருக்காங்க."

"அவிய தலையில அருவி விழுது, எங்க நாத்து கருகுது. நல்ல படந்தான் வரைஞ்சிருக்கிய!"

குற்றாலத்துக்கு ஓடினேன். உடம்பெல்லாம் எண்ணெய் வழிய நின்ற அதிகாரி, "வரிசையைக் குலைச்சிராதீரும்" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

திரும்பியபோது பூட்டு உடைந்து கிடந்தது. நாற்றுக்குள் தண்ணீர் வெயிலை அள்ளிக்கொண்டு ஓடியது.

"நாந்தான் ஒடச்சேன். எழுதிக்கிடுங்க" என்றாள் இசக்கியம்மாள்.

என் உத்தரவின்பேரில் மடை திறக்கப்பட்டதாக எழுதினேன். அவளைக் காப்பாற்றத்தான் என்று சொல்லிக்கொண்டேன். குறித்த நாளுக்கு முன்பே வேலையை முடித்தவன் என்று அடுத்த பயிற்சி வகுப்பில் என்னை எழுப்பி நிறுத்திக் கைதட்டினார்கள். நானும் கும்பிட்டேன்.

அந்த அதிகாரியை எத்தனையோ பேரிடம் இகழ்ந்து பேசியிருக்கிறேன். அந்தக் கும்பிடைப் பற்றி இன்றுதான் சொல்கிறேன்.