மூன்றாவது வால்வு

ரேடியோ பாகங்களை ஈயத்தால் ஒட்டும் சூடான சால்டரிங் கம்பியில் பிசின் கருகும்போது எழும் அந்தத் தித்திப்பும் கசப்புமான புகை எங்காவது மூக்கில் பட்டால், இந்த வயதிலும் என் கண் முதலில் போவது வாசல் தாழ்ப்பாளுக்குத்தான். அறுபதுகளில், அந்தமானில், போர்ட் பிளேயரின் டெலானிபூர் மேட்டில் இருந்த அரசுக் குடியிருப்பில், பத்து வயதில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது.

அப்பா ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். கடையில் தயாராக விற்ற நல்ல ரேடியோ அவர் சம்பளத்துக்கு எட்டாது. எட்டுகிற ரேடியோவில் பாட்டு கொசு பாடுவதுபோல் கேட்கும். ஆகவே பாகங்களை 'மெயின்லேண்ட்' என்று நாங்கள் சொல்லும் இந்தியக் கரையிலிருந்து வரவழைத்து வீட்டிலேயே ஒரு செட் கட்டிவிடுவது என்று முடிவாயிற்று. துணைக்கு வந்தவர் காதர் பாய்; ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து வந்து, பஜாரில் கைக்கடிகாரமும் டார்ச் லைட்டும் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர். ஒரு மாதம், மாலை தோறும், எங்கள் மேசையில் பட்டியல் எழுதப்பட்டு, அடிக்கப்பட்டு, மறுபடி எழுதப்பட்டது. சென்னைக்குக் கப்பல் போய்விட்டால் பட்டியலும் போனதுதான். தவறான பாகம் வந்தால் அதை மாற்றி வாங்க இன்னும் இரண்டு கப்பல்களுக்குக் காத்திருக்க வேண்டும்.

கடைசியில் சிக்கல், ரேடியோவுக்குள் எரியும் கண்ணாடிக் குழாய்களான வால்வுகளின் எண்ணிக்கையில் வந்து நின்றது.

"பெரிய ஸ்பீக்கர் போட்டா மூணாவது வால்வுக்குப் பணம் பத்தாது சார். ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க" என்றார் பாய்.

"மூணாவது இல்லாட்டி பாட்டு வருமா, வராதா பாய்?"

"வரும். திருகுற கைக்குத்தான் நிதானம் வேணும்."

கண்ணுக்கும் தெரியாமல் காதுக்கும் கேட்காமல் உள்ளே உட்கார்ந்திருக்கப்போகும் வால்வுக்குச் செலவு எதற்கு என்று அம்மா அடுக்களையிலிருந்து தீர்ப்பளித்தார். ஸ்பீக்கர் வென்றது.

செட் பாடத்தான் செய்தது. பாடிய பிறகுதான் லைசென்ஸ் நினைவுக்கு வந்தது. அந்நாளில் ரேடியோ கேட்கத் தபாலாபீசில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். விண்ணப்பத்திலோ தயாரிப்பாளர் பெயரும் செட்டின் எண்ணும் கேட்டிருந்தார்கள். எங்கள் செட்டுக்கு இரண்டும் கிடையாது. ஊருக்கெல்லாம் விதி சொல்லும் அப்பா, நிரப்ப முடியாத அந்தப் படிவத்தை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, விஷயம் பரிசீலனையில் இருப்பதாகத் தமக்குத் தாமே உத்தரவு போட்டுக்கொண்டார்.

எல்லையில் சண்டை மூண்ட சமயம் அது. லைசென்ஸ் இல்லாமல் வயர்லெஸ் வைத்திருப்பவன் உளவாளி, அவனைப் பிடித்துக்கொண்டு போனால் திரும்ப விடமாட்டார்கள் என்று பள்ளியில் டீச்சர் சொன்னார். அன்று வீடு திரும்பும்போது எங்கள் கூரையின்மேல் ஓடிய ஏரியல் கம்பி ஊர் முழுக்கத் தெரிவதாக எனக்குப் பட்டது. அதே வாரத்தில், மேல் வளைவு பங்களாவில் இருந்த அப்பாவின் மேலதிகாரியின் பியூன் வீடு வீடாக வந்தான். செய்தி நேரத்தில் 'சாப்' ரேடியோவில் யாரோ 'சீட்டி' அடிக்கிறார்களாம். சாப் கடுங்கோபத்தில் இருக்கிறாராம்.

பாயை அழைத்து வந்தார் அப்பா. அவர் செட்டைப் பார்த்தார், ஏரியலைப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நம்ம செட்டு கேக்க மட்டும் செய்யல சார். பேசவும் செய்யுது."

குமிழைக் கொஞ்சம் அதிகம் திருகினால், செட் தானே ஒரு விசிலை உண்டாக்கி, அதை ஏரியல் வழியே அக்கம்பக்கத்து ரேடியோக்களுக்கு அனுப்பிவிடுமாம். அதைத் தடுத்து நிறுத்துவதுதான் மூன்றாவது வால்வின் வேலையாம். எனக்கு அவ்வளவு நுணுக்கம் புரியவில்லை. பேசுகிறது என்பது மட்டும் புரிந்தது. டீச்சர் சொன்னது சரி, நாங்கள் உளவாளிகள்தான், எங்களுக்கே தெரியாமல் ஆகிவிட்டோம் என்று முடிவு செய்து, ஓடிப்போய் வாசல் தாழ்ப்பாளைப் போட்டேன்.

ஒரு மணி நேரத்தில் செட்டைக் கழற்றினார்கள். வால்வுகள் அரிசி டின்னுக்குள், ஸ்பீக்கர் அம்மாவின் சேலைப் பெட்டிக்குள் போயின. ஏரியலைத் தாழ இறக்கிக் கட்டி, அம்மா அதில் துணி உலர்த்தினார். நிலையம் பிடிக்கும் கம்பிச்சுருளான காயில் என் பள்ளிப் பைக்கு வந்தது. குழந்தையின் பையை யாரும் சோதிக்கமாட்டார்கள் என்பது அப்பாவின் கணக்கு. அந்தக் குழந்தைக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

நான்காம் நாள் அப்பா சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்தார். டெலானிபூரில் இனம் தெரியாத வயர்லெஸ் இயங்குவதாகப் போலீசுக்குக் கடிதம் தயாரிக்க மேலதிகாரி உத்தரவிட்டிருக்கிறார்.

"என்னைப் பிடிக்கச் சொல்லி நானே டைப் அடிக்கணும். ரெண்டு காப்பியோட" என்றார் அம்மாவிடம்.

நான் பையை மடியில் இறுக்கிக்கொண்டேன். வேலை போனால் குடியிருப்பும் போகும். அடுத்த கப்பலில் மூட்டை முடிச்சோடு நாங்கள் ஏறுவதும், அப்பா மட்டும் கரையில் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே நிற்பதும் கண்முன் தெரிந்தது.

மறுநாள் அப்பா அந்தக் கடிதத்தை அடித்தார். ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் முறைப்படி அதில் ஒரு கோடிட்ட இடம் விட்டிருந்தார்: புகார் கொடுப்பவரின் ரேடியோ லைசென்ஸ் எண், புதுப்பித்த தேதி. கையெழுத்துக்குப் போன கோப்பு அன்று திரும்பவில்லை. அடுத்த நாளும் இல்லை. வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்தேன். ஒன்பதாம் நாள் கோப்பு வந்தது, ஓரத்தில் 'இப்போதைக்கு வேண்டாம்' என்ற குறிப்போடு. இரண்டு வருடமாகச் சாப் லைசென்சைப் புதுப்பிக்கவேயில்லை என்று பியூன் பிறகு சொன்னான். அது அப்பாவுக்கு முன்பே தெரியுமா என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அவர் கண்ணாடியைத் துடைப்பார். பிற்காலத்தில் நானும் அரசு வேலையில் இருந்தவள். வாதாடி நிறுத்த முடியாத பல காரியங்களைக் கோடிட்ட இடம் விட்டு நிறுத்தியிருக்கிறேன்.

மூன்றாவது வால்வு அதற்கடுத்த கப்பலில் வந்தது. விண்ணப்பத்தில் தயாரிப்பாளர்: காதர், செட் எண்: 1 என்று எழுதியதும், கட்டங்கள் நிரம்பிய திருப்தியில் தபாலாபீஸ் லைசென்ஸ் கொடுத்துவிட்டது. காயிலைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பாய் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

இன்று லைசென்ஸ் இல்லை, ஏரியல் இல்லை, அந்தக் குடியிருப்பு வரிசையும் இல்லை. போன வாரம் தங்கை பேத்தி, விளையாட்டுக்கென்று தானே கட்டப்போகும் கம்ப்யூட்டரின் பாகப் பட்டியலைப் போனில் அனுப்பி, கையில் இருக்கும் பணத்துக்குள் அடக்கிவிட்டதாகப் பெருமைப்பட்டாள். அதில் எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. எதில் மிச்சம் பிடித்தாய் என்று மட்டும் கேட்டேன்.

"பவர் சப்ளையில பாட்டி, கரண்ட் குடுக்கிற பெட்டி. அது உள்ள இருக்கிறது, யாரு பாக்கப்போறா."

எழுந்துபோய் வாசல் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்து, நல்ல பவர் சப்ளைக்குக் குறைகிற பணத்தை நான் தருவதாகச் சொன்னேன்.