சிவனொளிபாதமலையில் ஒரு பிளேன்டீ

சிவனொளிபாதமலையின் கடைசிப் படிக்கட்டுகளுக்குக் கீழே, ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்திருக்கிறோம். என் கணவருக்கு இலண்டனில் இதய சத்திரசிகிச்சை நடந்து ஒரு வருடமாகிறது. ஏறலாம் என்று டொக்டர் சொல்லித்தான் வந்தோம். ஆனாலும் விடிந்ததிலிருந்து அவர் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டியபடியேதான் நான் ஏறி வருகிறேன். இலண்டனில், கோலியர்ஸ் வுட் வீட்டு மாடிப்படியிலும் எனக்கு இதே வேலைதான்.

ஆனால் கடையைக் கண்டதும் முதலில் உட்கார்ந்தது நான்தான்.

பிளேன்டீ கொண்டுவந்த கடைக்காரப் பெண் என்னை உற்றுப் பார்க்கிறார்.

“ஏம்மா, ஒங்களுக்கு ஒடம்புக்கு ஏலாதா? மொகமெல்லாம் வெளுத்துப் போச்சே. ஐயா, அம்மாவப் பாத்துக் கூட்டிட்டுப் போங்க.”

நோயாளி இவர்தான் என்று சொல்ல வாயெடுக்கிறேன். அதற்குள் அவர் என் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொள்கிறார்.

“ஓம் தங்கச்சி, நான் பாத்துக்கொள்ளுறன்.”

கம்பியைப் பிடித்து மெதுவாக ஏறுகிறோம். அவர் முன்னால் போய், அடிக்கடி நின்று, எனக்குக் கை கொடுக்கிறார். உச்சிக்கு வந்து சேரும்போது முகில் மூடிவிட்டது. கீழே ஒன்றுமே தெரியவில்லை. சுவரோரமாக உட்காருகிறோம்.

“நல்லாக் களைச்சுப் போனீர் என்ன?” என்று கேட்கிறார்.

ஒரு வருடமாக எல்லோரும் என்னிடம் அவருடைய சுகத்தைத்தான் விசாரித்தார்கள்.

“ஓம்,” என்கிறேன். “சரியாக் களைச்சுப் போனன்.”

சொன்னதும் அழுகை வந்துவிடுகிறது. அவர் எழுந்து, குளிர்காற்று வரும் பக்கமாக வந்து, எனக்கு அதை மறித்து உட்காருகிறார்.